பாஸ்குத் திருநாளும் பட்டி மாடுகளும்

உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி, பெங்களூரிலும் திருப்பூரிலும் பிழைக்கும் பிள்ளைகள் பேரக்குழந்தைகளுடன் பென்னாகரத்துக் காட்டோர ஊர்களுக்குத் திரும்புகின்றனர். முதிய பெற்றோர் அங்கே தனித்திருப்பது பெரும்பாலும் மாடுகளுக்காகவே.

காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயர் தாங்கிய இவ்வினம் கருஞ்சாம்பல் நிறத்தது. பால் சொற்பம், உழவிலோ சளைக்காதது. டிராக்டர் வந்தபின் காளைகளுக்குப் பழைய மதிப்பில்லை. பங்குனியில் காடு காய்ந்துவிடும். தீவனமும் தண்ணீரும் சுமந்தாக வேண்டும். எழுபது வயதில் அது எளிதா?

“விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள், அப்பா” என்பர் பிள்ளைகள். அன்பான அழைப்புத்தான். ஆயினும் பட்டி காத்த மனிதர் நகரத்து ஒற்றை அறையில் பகலெல்லாம் என்ன செய்வார்? மாதமொருமுறை வந்து வைக்கோல் இறக்கித் தந்தால் அவரே சில ஆண்டுகள் சமாளிப்பார். திங்களன்று பேருந்து ஏறுமுன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிச் செல்லும் மகன்களும் உண்டு.