பலம் கேரக்டரிலா, விரலிலா? சண்டை கேம் ஆடும் பிள்ளைகள் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி!

ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டது என்று சொல்ல போர்டு தேவையில்லை. சாலையோரத்து வெள்ளை உப்புக் குவியல்களே சொல்லிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். உப்பு வேலை நின்றுபோகும். வெயில் மாத வருமானத்தை வைத்து வருஷம் முழுக்க ஓட்டும் இந்தப் பகுதி வீடுகளிலும் இன்று ஸ்மார்ட்போன் உண்டு. அதில் பிள்ளைகள் ஆடும் சண்டை கேமும் உண்டு.

தோற்றுவிட்டால் எந்த ஊர்ப் பிள்ளையும் சொல்லும் காரணம் ஒன்றுதான். ``அவன் கேரக்டர் செம ஸ்ட்ராங்ப்பா!" அடுத்து வருவது, ``காசு கொடுத்தா நானும் அதை வாங்கிடுவேன்!"

அந்தக் காரணம் உண்மையா? கேரக்டரின் பலம் ஜெயிக்கிறதா, ஆடுபவரின் திறமை ஜெயிக்கிறதா?

கேரக்டர் பலம் என்றால் என்ன?

`ஸ்ட்ரீட் ஃபைட்டர்', `டெக்கன்' போன்ற சண்டை கேம்களில் ஒரு நொடி என்பது 60 பிரேம். ஒரு கேரக்டரின் வேகமான குத்து நான்கே பிரேமில் வந்துவிடும். அதாவது, ஒரு நொடியில் 15-ல் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துவிட்டுத் தடுக்க மனிதருக்கு அதைவிட அதிக நேரம் தேவை. அடியின் வேகம், கை கால் எட்டும் தூரம், அடி தடுக்கப்பட்டால் வரும் ஆபத்து... இவையெல்லாம் சேர்ந்ததுதான் கேரக்டரின் பலம். இதை வைத்து ரசிகர்கள் தரவரிசை போடுவார்கள். அதற்கு `டயர் லிஸ்ட்' என்று பெயர்.

ஆனால், பார்த்துத் தடுக்க முடியாத அடியையும் நல்ல வீரர்கள் தடுக்கிறார்கள். எப்படி? எதிராளி அடுத்து என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பைக் கடையில் வாங்க முடியாது.

44 வயதில் தங்கம்!

2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் இ-ஸ்போர்ட்ஸ் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. `ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பிரிவில் இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் ஆடினார்கள். பதக்கம் கிடைக்கவில்லை. தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் க்வான்-வூ. வயது 44. அவர் ஆடியது, கையில் இரும்பு நகம் மாட்டிய `வேகா' கேரக்டரை. பலமான கேரக்டர்கள் பட்டியலில் பலரும் உச்சத்தில் வைக்காத கேரக்டர் அது. இறுதிப் போட்டியில் தைவான் வீரரை 4-3 என்று வென்றார்.

பக்கத்து நாட்டுக் கதையும் உண்டு. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ், 2019-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த `எவோ' தொடர்களில் `டெக்கன் 7' பட்டம் வென்றார். அதுவரை உலக அரங்கில் யாரும் கணக்கில் எடுக்காத ஊர் அது. எந்த கேரக்டரும் லாகூரில் மட்டும் கூடுதல் பலத்தோடு இருக்கவில்லை. உள்ளூரில் இடைவிடாமல் மோதிய போட்டிதான் அவரை அங்கே கொண்டுசேர்த்தது.

லீராய் சொன்ன மறுபக்கம்

அப்படியென்றால் கேரக்டருக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. 2019 டிசம்பரில் `டெக்கன் 7'-க்கு லீராய் ஸ்மித் என்ற புது கேரக்டர் வந்தது. அடுத்த மாதமே நடந்த எவோ ஜப்பான் தொடரின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் லீராயைத்தான் ஆடினார்கள். பட்டமும் லீராயை ஆடிய தாய்லாந்து வீரருக்கே போனது. பிறகு கேம் நிறுவனமே லீராயின் பலத்தைக் குறைத்தது.

கணக்கு இதுதான். திறமையில் பெரிய இடைவெளி இருந்தால், கேரக்டர் எதுவானாலும் திறமைசாலி ஜெயிப்பார். இருவரும் சரிசமம் என்றால், கேரக்டரின் சின்ன பலமும் முடிவை மாற்றும்.

உப்பளத்திலும் இதே கதைதான். கடல் ஒன்று, வெயில் ஒன்று. ஆனால், உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரைச் சரியான நேரத்தில் வடிக்காவிட்டால் உப்பே கசந்துவிடும். அந்த நேரம் அனுபவப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும். அதே சமயம், மழை பெய்துவிட்டால் எந்த அனுபவமும் அன்றைக்கு உப்பைத் தராது.

போனில் நடப்பது வேறு!

பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கேதான். பெரிய போட்டி மேடைகளில் ஒரே கேரக்டரை யார் எடுத்தாலும் அதன் பலம் ஒன்றுதான். காசு கொடுத்து அடியின் வலுவைக் கூட்ட முடியாது. ஆனால், போனில் இலவசமாகக் கிடைக்கும் பல சண்டை கேம்களில் கேரக்டருக்கு `லெவல்' உண்டு. காசு செலவழித்தால் லெவல் சீக்கிரம் ஏறும். அங்கே தோற்பதற்குப் பிள்ளை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். எதிராளியின் பர்ஸ் காரணமாக இருக்கலாம். இன்று வாங்கிய பலம், நாளை அதைவிடப் பலமான கேரக்டர் வரும்வரைதான்.

எனவே, பிள்ளை காசு கேட்கும்போது திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ``இந்த கேம்ல எல்லாருக்கும் ஒரே பலமா, இல்ல காசு குடுத்தா பலம் கூடுமா?" ஒரே பலம் என்றால், தோல்விக்கு மருந்து பயிற்சி மட்டுமே. காசுக்குப் பலம் என்றால், அந்தச் செலவுக்கு முடிவே கிடையாது.

இன்னொன்று, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவையுங்கள். யு.பி.ஐ பின் நம்பரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மழைக்காலத்துக்கென்று சேர்த்துவைத்த பணம், திரையில் யாரோ ஒருவனின் கை வலுவாகக் கரைந்துபோக வேண்டாம்!