கணிப்பொறியின் சூடு

சென்ற சித்திரையில் வானொலிக்கென ஓர் உரை எழுதிக்கொண்டிருக்கையில் என் மேசைக் கணிப்பொறி திடீரென அணைந்தது; பாதி உரையும் உடன் போயிற்று. பெட்டியைத் திறந்தேன். செயலியின்மேல் உள்ள உலோகத் தகடுகளுக்கிடையே தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. செல்சியஸ் 100 பாகையை நெருங்கினால் பெரும்பாலான செயலிகள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். சூடு அப்பொழுதும் அடங்காவிடில் பொறி அணைந்துவிடும். தற்காப்புத்தான், பிழையன்று.

மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, தூசியைத் தூரிகையால் அகற்றினேன். அவ்வளவில் தீரவில்லை. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. வழவழப்பாகத் தோன்றும் உலோகத்திலும் நுண்பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. அவற்றை நிரப்புவதே பசையின் வேலை. பழையதைத் துடைத்துப் பட்டாணியளவே புதிதாக வைத்தேன். மிகுதியாக அப்பினால் அதுவே தடையாகும். இப்பொழுது சூடு 60 பாகையைத் தாண்டுவதில்லை. உரையைத்தான் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.