ஒரு முட்டையில் இரு பாம்புகள்: ‘இரட்டை’ என்னும் சொல்லின் எல்லை

மாந்தரிடையே ‘இரட்டையர்’ என்ற சொல்லுக்கு நாம் விளக்கம் தேடுவதில்லை. ஒரு பேற்றில் ஒரு குழந்தை பிறப்பதே வழக்கமாதலால், இருவர் பிறந்தால் அவர்கள் இரட்டையர். இச்சொல்லை அப்படியே பாம்புக்குப் பொருத்தினால் பொருள் குழம்பிவிடும். பாம்பு ஒரே முறையில் பல முட்டைகளை இடுகிறது. ஒரே நாளில் பொரிந்து வரும் பத்துக் குட்டிகளும் உடன்பிறப்புகளே அன்றி இரட்டையர் ஆகா. ஒரே ஓட்டுக்குள் இரு குட்டிகள் வளர்ந்து வெளிவரும்போதுதான் விலங்கியலார் அவற்றை இரட்டையர் என்பர். பினாங்குப் பாம்புக் கோயிலில் நாம் காணும் வேக்லர் குழிவிரியன் போன்றவை குட்டி ஈனுவன. அவற்றில் ஓட்டுக்கு மாறாக, குட்டியைச் சூழ்ந்துவரும் மெல்லிய சவ்வையே கணக்கிற் கொள்ள வேண்டும்.

இத்தகைய பிறப்புகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வளர்ப்பிடங்களிலிருந்தே வருகின்றன. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்கச் சட்டம் இடந்தராது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. இதனைக் கண்டு, அடைத்து வளர்ப்பதே இரட்டைப் பிறப்புக்குக் காரணம் என முடிவு கட்டுவோர் உளர். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை.

பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொள்வோம். மேற்கு, நடு ஆப்பிரிக்காவுக்கு உரிய இவ்வினம் அச்சமுற்றால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். இயற்கையில் இது வளைக்குள் முட்டையிட்டு அவற்றைச் சுற்றிப் படுத்துக் காக்கும். அங்கே ஒரு முட்டைக்குள் இரு கருக்கள் இருந்து, அவற்றுள் ஒன்று இறந்துபோனால் அதைக் காண எவருமில்லை. ஓட்டோடு அது மட்கிவிடும். வளர்ப்பவர் செய்வதோ வேறு. ஒவ்வொரு முட்டையையும் எண்ணி, அடைகாக்கும் பெட்டியில் 31 அல்லது 32 பாகை செல்சியசு வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் வைத்திருப்பார். முதற்குட்டி ஓட்டைக் கீறித் தலைகாட்டியதும், எஞ்சியவற்றின் தோல் போன்ற ஓட்டைச் சிறு கத்தரியால் தாமே திறந்து பார்ப்பவரும் உண்டு. (இப்பழக்கம் தேவைதானா என்பது அவர்களிடையே இன்னும் ஓயாத வழக்கு.) வெப்பநிலைப் பிறழ்வும் நெருங்கிய உறவுக் கலப்பும் கருவின் வளர்ச்சியைக் குலைக்கக்கூடியன என்பது மெய்யே. ஆயினும் செய்திகளின் மிகுதியை மட்டும் கொண்டு அவற்றின்மேல் பழி சுமத்த இயலாது. பார்க்கும் கண்கள் மிகுந்துள்ள இடத்தில் காணப்படுவனவும் மிகும்.

திறந்த ஓட்டுக்குள் இரு தலைகள் தென்பட்டால் அடுத்து எழும் வினா, அவை ஒரு கரு இரட்டையரா, இரு கரு இரட்டையரா என்பது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே மஞ்சட்கருவை உண்டு வளரும். ஒருவருக்கெனச் சமைத்த சோற்றை இருவர் பங்கிட்டதுபோல, இரண்டும் சிறுத்தே பிறக்கும். ஒன்று மெலிந்து இறப்பதும் உண்டு. கோழிமுட்டையில் நாம் காண்பதுபோல ஓர் ஓட்டுக்குள் இரு மஞ்சட்கருக்கள் அமைந்திருந்தால் அவை இரு கரு இரட்டையராகும். இங்கே வளர்ப்பு இனங்களின் நிறவேறுபாடு எதிர்பாராத சான்றாக உதவுகிறது. ஒரே முட்டையிலிருந்து வெண்தோல் குட்டி ஒன்றும் இயல்பு நிறக் குட்டி ஒன்றும் வந்தால், அவை ஒரே கருவிலிருந்து பிரிந்தவை அல்ல என்பது வெளிப்படை. ஒன்று ஆணும் மற்றது பெண்ணுமாயினும் அவ்வாறே. ஆனால், இதன் மறுதலை செல்லாது. நிறமும் பாலும் ஒத்திருப்பதால் மட்டுமே ஒரு கரு இரட்டையர் என்றுவிட முடியாது. அதற்கு மரபணுச் சோதனையே வேண்டும்.

கரு பிரியத் தொடங்கி, முற்றப் பிரியாமல் நின்றுவிடுவதும் உண்டு. இருதலைப் பாம்பு தோன்றுவதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் இதுவே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மீன்காட்சியகம் ஒன்றில் 1999 முதல் 2007 வரை வாழ்ந்த வெண்தோல் எலிப்பாம்பு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ‘வீ’ என்று பெயரிட்டிருந்தனர். தமிழில் பெயர்ப்போர் ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? ஒரு தலை மற்றொரு தலையிடம் பேசினால் ‘நாம்’. இரண்டும் கூடி நம்மிடம் பேசினால் ‘நாங்கள்’. வாழ்க்கையில் அவ்விரு தலைகளுக்கும் இத்துணை ஒற்றுமை வாய்ப்பதில்லை. ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் இழுக்கும். ஒன்றன்மேல் இரையின் மணம் பட்டால் மற்றது அதையே கவ்வ முற்படும். ஆதலின், காட்டில் இத்தகைய பாம்பு நெடுநாள் பிழைப்பது அரிது. காப்பாரின் கையில்தான் அது ஆண்டுகளைக் காணும்.

இருதலை என்னும் பெயரைச் சுமந்து துன்புறும் வேறொரு பாம்பும் உண்டு. தமிழகத்தில் மண்ணுளிப் பாம்பை ‘இருதலை மணியன்’ என்று வழங்குவர். அதற்குத் தலை ஒன்றே. வால் மழுங்கியிருப்பதால் மற்றொரு தலைபோலத் தோன்றும். அச்சுறுத்தினால் தலையை உடற்சுருளுக்குள் மறைத்து வாலைக் காட்டும். நம் பகுதியில் மலாய்மொழியினர் ‘உலார் கெப்பாலா துவா’ என அழைக்கும் சிறு பாம்பும் தன் தட்டைவாலை உயர்த்தி இவ்வாறே ஏய்க்கிறது. பெயர் பகைவரை ஏமாற்றும் உத்தியைக் குறித்ததோடு நிற்கவில்லை. செல்வம் சேர்க்கும், நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையால் மண்ணுளிப் பாம்புகள் எடைபோட்டுப் பெருந்தொகைக்கு விற்கப்படுகின்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் இவ்வணிகம் ஓயவில்லை. வால் இன்னும் தலைபோலத் தோன்றவேண்டும் என்று அதில் கண்ணும் வாயும் போன்ற வடுக்களை உண்டாக்குவோரும் இருந்திருக்கின்றனர்.

அப்பெயரை அகராதியிலிருந்து நீக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அது மக்கள் இட்ட பெயர். அதன் எதிரே ‘தலை ஒன்றே, மழுங்கிய வாலால் பெற்ற பெயர்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இரு தலைகளோடு மெய்யாகவே பிறக்கும் பாம்புக்கு ‘ஒட்டிரட்டை’ என்னும் சொல்லை நாம் முன்வைக்கிறோம். ஒரே முட்டையிலிருந்து தனித்தனியே வெளிவருவனவற்றுக்கு ‘முட்டையிரட்டை’ பொருந்தும்.