மாத்திரைச் சீட்டை நாமே படிப்போம்



வங்கி பாஸ்புக்கை முதன்முதலில் கையில் வாங்கியபோது டெபிட், கிரெடிட், பேலன்ஸ் எல்லாம் நமக்குப் புரியாத எழுத்தாகத்தான் இருந்தது. இன்று கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த உறுப்பினர்கூட, "சார், இந்த மாசம் வட்டி ரெண்டு தடவை பிடிச்சிருக்கு, பாருங்க" என்று மேனேஜரிடம் கேட்கிறார். இதற்காக யாரும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகவில்லை. திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து சொற்களைத் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

அதே உறுப்பினர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் மட்டும் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார். "டாக்டர் எழுதினது நமக்கெங்க புரியப் போகுது?" என்கிறார். வீட்டில் காலேஜ் படிக்கிற மகளிடம் காட்டினால் அவளும் முழிக்கிறாள். "இவ்வளவு பீஸ் கட்டிப் படிக்க வச்சேனே" என்று அவளைத் திட்டாதீர்கள். வேளையைக் குறிக்க மருத்துவர்கள் எழுதும் எழுத்துகள் பல இங்கிலீஷே கிடையாது. லத்தீன் என்ற பழைய மொழியின் சொற்களைச் சுருக்கி எழுதுவது. பி.ஏ. படித்தவருக்கும் யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும். நமக்கும் அப்படித்தான்.

ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை. பி.டி. இரண்டு முறை. டி.டி.எஸ். அல்லது டி.ஐ.டி. என்றால் மூன்று முறை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். சில மருத்துவர்கள் எழுத்துக்குப் பதில் 1-0-1 என்று எண்ணில் எழுதுவார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று அர்த்தம். கண் மருத்துவர் சீட்டில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண்!

இதில் நாங்கள் அழுத்திச் சொல்ல நினைப்பது எஸ்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்தை. தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். காய்ச்சல், வலி மாத்திரைக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இது இருக்கும். நம் வீடுகளில் நடப்பதோ நேர் எதிர். வலி நின்ற பிறகும், "காசு கொடுத்து வாங்கினது வீணாப் போகக் கூடாது" என்று எஸ்.ஓ.எஸ். மாத்திரையை அட்டை தீரும்வரை விழுங்குகிறோம். கிருமிக்கு ஐந்து நாள் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை ரெண்டாம் நாளே, "இப்ப தேவலாம்" என்று நிறுத்திவிடுகிறோம். அதை மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். ஆன்டிபயாட்டிக் அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அது அடையாளம்.

வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டிய மருந்துகளும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் வைட்டமின் டி 60,000 யூனிட் அப்படிப்பட்டது. சில மூட்டுவாத நோய்களுக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் இன்னும் கடுமையானது. வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய இதைத் தெரியாமல் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சீட்டில் 'வீக்லி' என்ற சொல் இருந்தால் எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டு, அட்டையின் மேல் பேனாவால் "ஞாயிறு" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருந்தின் பெயர். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மையான பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். குரோசின், கால்பால், டோலோ மூன்றும் வேறு வேறு என்று நினைத்து, ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றைப் போடுகிறோம். மூன்றிலும் இருப்பது பாரசிட்டமால்தான். ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போனால் பெரியவர்களுக்கே ஈரல் கெடும். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதி கொண்டுவந்தது. ஆகவே, "டாக்டர், கொஞ்சம் புரியற மாதிரி எழுதித் தாங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். எம்.ஜி. என்பது மருந்தின் எடை, எம்.எல். என்பது தண்ணீர் போன்ற மருந்தின் அளவு. குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 எம்.எல்.-க்கு 100 எம்.ஜி. இருக்கும். சிரப்பில் 5 எம்.எல்.-க்கு 125 எம்.ஜி. என்று இருந்தால், 1 எம்.எல்.-க்கு வருவது 25 எம்.ஜி.தான். அதாவது சின்ன பாட்டிலில் இருப்பது நாலு மடங்கு வீரியம். பெரிய பிள்ளைக்கு சிரப் கொடுத்த பழக்கத்தில் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தை 5 எம்.எல். ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சமையலறைக் கரண்டியும் வேண்டாம். மருந்தோடு வரும் மூடி அல்லது பில்லர்தான் அளவு.

இனி ரத்தப் பரிசோதனைச் சீட்டு. இங்கே நம்மை அதிகம் அழவைக்கும் சொற்கள் பாசிட்டிவ், நெகட்டிவ். பயிற்சியில் நாம், "பாசிட்டிவா நினைக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, பாசிட்டிவ் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் தேடியது இருக்கிறது, நெகட்டிவ் என்றால் இல்லை. சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் அந்தச் சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. எச்.ஐ.வி. சீட்டில் 'நான்-ரியாக்டிவ்' என்றால் பரிசோதனையில் தொற்று தெரியவில்லை. என்.ஏ.டி. என்று எழுதியிருந்தால் அது நோயின் பெயர் இல்லை, மாறுதலாக எதுவும் தென்படவில்லை என்று பொருள்.

ரத்த வகையில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் முற்றிலும் வேறு விஷயம், நோயே கிடையாது. "மருமகளுக்கு ரத்தம் நெகட்டிவாம்" என்று ஊரெல்லாம் பேச அதில் ஒன்றுமில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் கவனம் தேவை. தாய் நெகட்டிவ், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்ற ஊசி போட வேண்டும். கர்ப்பத்தின் 28-வது வாரத்திலும் போடுவதுண்டு. கரு கலைந்தாலும் இந்த ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். போடாமல் விட்டால், பெரும்பாலும் முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பே அழிக்கத் தொடங்கலாம். அடுத்தடுத்துக் குழந்தை தங்காமல், "ராசியில்லாதவ" என்று பேச்சு வாங்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களின் பழைய சீட்டில் ரத்த வகை என்ன என்று ஒரு முறையாவது பார்ப்போம்.

கடைசியாக டிஸ்சார்ஜ் சம்மரி. காப்பீட்டுக்குக் கேட்பார்கள் என்று பத்திரமாக வைக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட உறுப்பினர்களிடம், "சினைப்பையையும் எடுத்தாங்களா?" என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. சம்மரியில் டி.ஏ.எச். என்று மட்டும் இருந்தால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். கூடவே பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும், குழாய்களும் எடுக்கப்பட்டுவிட்டன. மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன்பே சினைப்பையை எடுத்தால் உடம்பு தகிப்பது, தூக்கம் கெடுவது, எலும்பு வலுவிழப்பது எல்லாம் சீக்கிரமே வரும். "வேலை செய்ய வணங்காம நடிக்கிறா" என்று வீட்டில் திட்டு வாங்குவதற்கு முன், அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சம்மரியோடு மருத்துவரைப் பாருங்கள், இதற்குச் சிகிச்சை உண்டு.

சம்மரி தொலைந்துவிட்டதா? உள்நோயாளியாக இருந்தவர்களின் பதிவேட்டை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுதுவது நமக்குப் புதிதா என்ன?

அடுத்த பஞ்சாயத்து அளவிலான கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை அட்டை, காலி பாட்டில், சீட்டு எதுவானாலும் எடுத்து வாருங்கள். சேமிப்பு, கடன் வரவு முடிந்ததும் அரைமணி நேரம் எல்லோருமாக உட்கார்ந்து படிப்போம். மற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைக்கும் சீட்டைக் கொண்டு வர வேண்டாம். அதை கிராம சுகாதார செவிலியரிடம் தனியாகக் காட்டிக் கேளுங்கள்.