மாத நடுவே வரும் வயிற்றுவலி

வகுப்பில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தால், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறோம். பரீட்சை நாளாக இருந்தால் "பயமா?" என்கிறோம். மாதவிலக்கு நாள்களில் வரும் வலியை நம் தாய்மார் நன்கு அறிவர். ஆனால் மாதவிலக்கு முடிந்து சில நாள் சென்ற பின்னர், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலிப்பதும் உண்டு. பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு வரும் இவ்வலியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனவே இதனை இங்கே விளக்க விரும்புகிறோம்.

வலி ஏன் வருகிறது?

கருப்பையின் இரு புறங்களிலும் வாதுமைக் கொட்டை அளவில் இரண்டு சூலகங்கள் உள்ளன. பெண் குழந்தை பிறக்கும்போதே அவற்றில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. அவற்றுள் வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 மட்டுமே.

ஒவ்வொரு முறையும் ஒரு முட்டை, நீர் நிறைந்த ஒரு சிறு பைக்குள் முதிர்கிறது. அந்தப் பை சுமார் 2 செ.மீ. அளவுக்குப் பருக்கும்போது சூலகத்தின் மேற்பரப்பு இழுபடுகிறது. பின்னர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் தூண்டுதலால் பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. அப்போது கசியும் நீரும் சிறிதளவு இரத்தமும் வயிற்றின் உட்சவ்வை உறுத்துகின்றன. இந்த இழுபடுதலும் உறுத்தலுமே வலிக்குக் காரணம் என மருத்துவர்கள் கருதுகின்றனர்.

எந்தச் சூலகத்திலிருந்து முட்டை வருகிறதோ, அந்தப் பக்கமே வலிக்கும். சில நிமிடங்களில் தீரலாம். சில மணி நேரம் இருக்கலாம். சிலருக்கு ஓரிரு நாள் நீடிக்கலாம். மருத்துவ நூல்கள் இதனை 'மிட்டல்ஷ்மெர்ட்ஸ்' என்னும் ஜெர்மன் சொல்லால் குறிக்கின்றன. 'நடுவலி' என்பது அதன் பொருள்.

நாள் கணக்கு

நடு என்றதும் எல்லோருக்கும் 14-ஆம் நாள் என்று எண்ணிவிடக் கூடாது. முட்டை வெளிவரும் நாளை அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதை ஜப்பானிய மருத்துவர் ஒகினோ 1924-இல் எடுத்துரைத்தார். அது பெரும்பாலும் அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னர் நிகழ்கிறது. ஆகவே 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்கு அது 14-ஆம் நாளையொட்டி வரும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு 21-ஆம் நாளையொட்டி வரும். நம் வயதில் இக்கணக்கு இன்னும் சீர்ப்படாமல் இருக்கலாம். சில மாதங்களில் முட்டை வெளிவராமலும் போகலாம். இது நோயன்று.

வீட்டுக் காலண்டரில் மாதவிலக்கு தொடங்கும் நாளை ஒரு புள்ளியால் குறிப்போம். இடையில் வலி வந்தால் அந்த நாளையும், எந்தப் பக்கம் என்பதையும் குறிப்போம். மூன்று, நான்கு மாதங்களில் வலியின் ஒழுங்கு தெரியவரும்.

எப்போது விழிப்பாக இருக்க வேண்டும்?

வலப்புற வலி எல்லாம் நடுவலி அன்று. குடல்வால் அழற்சியிலும் அதே இடத்தில்தான் வலிக்கும். அவ்வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புறம் கீழே இறங்கும், நேரம் செல்லச் செல்லக் கூடும், பசி இராது, வாந்தியும் காய்ச்சலும் வரலாம். இந்நிலையில் "வயிறு சுத்தமாகட்டும்" என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பது ஆபத்து, குடல்வால் வெடித்துவிடக்கூடும். சூலகம் முறுக்கிக்கொண்டாலும் திடீரெனக் கடும் வலி வரும். கடும் வலி, காய்ச்சல், வாந்தி, மயக்கம், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதன்முறை வரும் வலியை நாமே நடுவலி என்று முடிவு கட்டலாகாது.

நடுவலிதான் என்று தெரிந்தபின், சற்று ஓய்வும் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை ஒத்தடமும் போதும். தேவையானால் பெரியவர்களைக் கேட்டு உரிய அளவில் பாரசிட்டமால் உட்கொள்ளலாம். உணவையோ விளையாட்டையோ விலக்க வேண்டியதில்லை.

வாய் திறந்து சொல்வோம்

"எந்தப் பக்கம் வலிக்கிறது? கடைசியாக மாதவிலக்கு எப்போது?" என்று டாக்டர் கேட்கும்போது நம்மில் பலர் தலைகுனிந்து நிற்கிறோம், அம்மா நமக்காகப் பதில் சொல்கிறார். வலியின் இடத்தை அம்மா எவ்வாறு அறிவார்? வீட்டுக்கு அனுப்புவதா, மேலும் பரிசோதிப்பதா என்று மருத்துவர் முடிவுசெய்ய இவ்விரு விடைகளும் பெரிதும் உதவும்.

பெற்றோரும் ஆசிரியைகளும் இதனைப் பள்ளிக்கு மட்டம் போடும் சாக்கு என்று ஒதுக்காமல் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். தோழியரே, நம் உடலைப் பற்றிய அறிவு நாணத்திற்குரியதன்று. வலியை மறைக்காமல் எடுத்துச் சொல்வோம்; நலமாய் வாழ்வோம்!