பன்னிரண்டு லட்சத்துக்குக் கணக்கு இல்லை!

“ஏன் மாப்ளே, ஒரு கையெழுத்துதானே கேக்கறாரு... கிட்னியையா கேக்கறாரு?” என்றார் என் தாய்மாமா.

2012 ஜனவரி. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கடலூரில் கரன்ட் இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில், ‘சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்’ என்ற புத்தம்புது போர்டுக்குக் கீழே, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். போர்டு வைத்து ஆறு மாசம். வாடகை பாக்கி மூணு மாசம்!

பி.காம். முடித்துவிட்டு, ஏதோ ஒரு ஆபீஸில் வவுச்சருக்கு நம்பர் போட்டபடி ‘நாமும் சி.ஏ. பண்ணிப் பார்த்தால் என்ன?’ என்று யோசிக்கிற தம்பிகளே... உங்களுக்காகத்தான் இந்தக் கதை. கதை என்றா சொன்னேன்? கணக்கு!

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அப்பா ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால், அது கிடைக்கிறவரை வீட்டில் சாப்பாடு இறங்காது அவருக்கு. “நான்தான் கணக்குப்பிள்ளை. நீயாச்சும் ஆடிட்டரா வா” என்று சொல்லித்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்த்துவிட்டார். அப்புறம் சென்னை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூணு வருஷ ஆர்ட்டிகிள்ஷிப். அவர்கள் தந்த ஸ்டைபண்டை வைத்துக்கொண்டு மேன்ஷன் வாடகை கொடுக்கலாம், அல்லது சாப்பிடலாம். இரண்டும் முடியாது!

ஃபைனலில் எத்தனை அட்டெம்ப்ட் என்று கேட்கிறீர்களா? ஐந்து. சி.ஏ. பரீட்சையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு பேப்பரிலும் நூற்றுக்கு 40 வாங்க வேண்டும். ஆனால், குரூப் மொத்தத்தில் பாதி மார்க் வேண்டும். ஒரு தடவை நான் நாலு பேப்பரிலும் 41, 43, 40, 42. எல்லாவற்றிலும் தாண்டியாச்சு! கூட்டினால் 166. வேண்டியது 200. ஆக, குரூப் ஃபெயில். சிதம்பரத்துக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. “கூட்டலைச் சரியாப் போட்டுப் பாத்தியா?” என்றார் கடைசியில். பாவம், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

2011 ஜனவரி ரிசல்ட்டில் ஒருவழியாகப் பாஸ். கூடப் படித்தவர்கள் பெங்களூரு, மும்பை என்று கம்பெனி வேலைக்குப் போனார்கள். எனக்குச் சொந்தமாக பிராக்டீஸ் செய்ய ஆசை. சென்னையில் ஆர்.சிவபோகம் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1933-லேயே கணக்காளர் பரீட்சை தேறியவர். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1937-ல் தனியாகத் தொழில் ஆரம்பித்தார். ‘அந்தக் காலத்தில் அவர் செய்ததை இந்தக் காலத்தில் நாம் செய்ய முடியாதா?’ என்று வீறாப்பாகக் கடலூர் பஸ் ஏறிவிட்டேன். வீறாப்புக்கு வாடகை கட்டத் தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் மாமா ஒரு பார்ட்டியை அழைத்து வந்தார். முதுநகரில் பிளைவுட் கடை. புயலில் குடோன் கூரை பறந்து, அத்தனை சரக்கும் ஊறி உப்பிப் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் உண்டு. சேதமான சரக்கின் மதிப்புக்கு ஆடிட்டர் சர்டிஃபிகேட் வேண்டும்.

“பத்தொன்பது லட்சம் தம்பி. ஃபீஸ் அம்பதாயிரம் தர்றேன்” என்றார் கடைக்காரர்.

அம்பதாயிரம்! எனக்கு மெழுகுவத்தி இரண்டாகத் தெரிந்தது.

கம்ப்யூட்டருக்குக் கரன்ட் இல்லாததால், நனைந்த பேரேட்டைப் புரட்டிக் கையாலேயே கணக்குப் போட்டேன். மார்ச் 31-ம் தேதி இருப்பு 6 லட்சம். அதற்கப்புறம் கொள்முதல் 22 லட்சம். விற்பனை 24 லட்சம். எட்டில் ஒரு பங்கு லாபத்தைக் கழித்தால், போன சரக்கின் அடக்கம் 21 லட்சம். ஆறும் இருபத்திரண்டும் இருபத்தெட்டு... அதில் இருபத்தொன்று போனால் ஏழு. ஏழே லட்சம்!

“மீதி பன்னிரண்டு எங்கே ஸார்?”

“குடோன்ல வந்து பாருங்க!” என்றார். போய்ப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை மனுஷன். ஊறிப்போன பலகைகள் கூரை இருந்த உயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன. ஆனால், பன்னிரண்டு லட்சத்துச் சரக்குக்குப் பில்லே கிடையாது. வாட் வரிக்குப் பயந்து பில் இல்லாமல் வாங்கியது.

இப்போது புரிகிறதா சிக்கல்? நஷ்டம் நிஜம். அழுகை நிஜம். ஆனால், ‘கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்ததில்’ என்று தொடங்கும் சர்டிஃபிகேட்டில் நான் கையெழுத்துப் போட்டால், அது மட்டும் பொய். வரி ஆபீஸரிடம் ‘இல்லை’ என்று சொன்ன சரக்கை இன்ஷூரன்ஸ்காரரிடம் ‘இருந்தது’ என்று நான் சொல்ல வேண்டும்!

மாமா கிட்னி வசனம் பேசியது அப்போதுதான். “ஊரோட ஒத்துப்போடா. நீ போடலேன்னா வேற ஒருத்தர் போடப்போறார்.”

அன்றிரவு சிதம்பரம் பஸ் பிடித்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியெல்லாம் இருட்டு. வாடகை பாக்கி, கடைக்காரர் முகம், அம்பதாயிரம் மூன்றும் மாறி மாறி வந்தன. வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

“நோட்டுல என்ன இருக்கு?”

“ஏழு.”

“அப்ப ஏழுதான். வா, சாப்பிடு.”

ஏழு லட்சத்துக்கு சர்டிஃபிகேட் கொடுத்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் இணைத்தேன். சர்வேயர் அதைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடைசலுக்கு மதிப்புக் கழித்துக்கொண்டு பணம் வந்தது. கடைக்காரர் என் ஃபீஸாக இரண்டாயிரத்தை மேஜையில் வைத்துவிட்டு, “ரொம்ப நல்லாப் படிச்சிருக்கீங்க தம்பி” என்றார். அது பாராட்டு இல்லை. மாமா இரண்டு வருஷம் பேசவில்லை. வாடகைக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால், இந்தத் தொழிலில் நாம் விற்கிற சரக்கு என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. டாலி தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்து பேர். ரிட்டர்ன் ஃபைல் பண்ண இப்போது சாஃப்ட்வேர் இருக்கிறது. நம் கையெழுத்தை நம்பி பேங்க் கடன் கொடுக்கிறது. அது ஒன்றுதான் நம் சரக்கு. தவறாகப் போட்டால் இன்ஸ்டிட்யூட்டின் ஒழுங்கு நடவடிக்கையில் பெயரையே நீக்கிவிடலாம். 2019-லிருந்து ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் 18 இலக்கத்தில் யு.டி.ஐ.என். என்று ஒரு எண் வேறு. பேங்க்காரர் அதைத் தட்டினால், போட்டது நாம்தானா என்று தெரிந்துவிடும். ‘நான் போடவில்லை’ என்று தப்ப முடியாது ஸார்!

தம்பிகளுக்கு நடைமுறை விஷயமும் சொல்லிவிடுகிறேன். இப்போது வழி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு ஃபவுண்டேஷனில் நாலு பேப்பர், பி.காம்.காரர்கள் 55 சதவிகிதம் வாங்கியிருந்தால் நேரே இன்டர்மீடியட். இன்டரிலும் ஃபைனலிலும் ஆறாறு பேப்பர். இன்டர் இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப். 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் அது இரண்டே வருஷம். 2025 முதல் ஃபைனலும் வருஷத்துக்கு மூணு தடவை. தோற்றால் அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். ஆனால், அந்த 40-ம் 50-ம் மட்டும் மாறவே இல்லை!

ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். குடோனில் ஏறி மூட்டை எண்ணச் சொல்கிற ஆபீஸாகப் பார்த்துச் சேருங்கள். பலகையை எண்ணத் தெரியாதவனுக்குப் பேலன்ஸ் ஷீட் புரியாது.

பிளைவுட்காரர் என்ன ஆனார் என்கிறீர்களா? 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. எங்கள் இன்ஸ்டிட்யூட் பிறந்ததும் 1949-ல் அதே ஜூலை 1-ம் தேதிதான். அந்த வாரமே மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

“இனிமே எல்லாம் பில்லுலதான் ஆடிட்டர் ஸார். நீங்களே பார்த்துக்குங்க” என்று உட்கார்ந்தார். ‘தம்பி’, ‘ஆடிட்டர் ஸார்’ ஆக ஐந்தரை வருஷம் ஆனது! அவர் சொல்லித்தான் முதுநகரில் இன்னும் நாலைந்து கடைகள் என்னிடம் வந்தன.

அந்தப் பன்னிரண்டு லட்சத்தை இன்னும் அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஃபீஸ் கொடுக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார். ஆனால், பலா சீஸனில் பண்ருட்டியிலிருந்து பெரிய பழமாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்துவிட்டுச் சொல்வார்:

“இதுக்கு மட்டும் பில் கேக்காதீங்க ஸார்!”