நாய்க்குட்டி வளர்க்கப் போகிறீர்களா?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி என்னும் ஊர் இருக்கிறது. தாமரைக்குளம், அய்யனார் கோயில், பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் ஆகியவற்றைக் காண மாணவர்கள் பலர் இங்கு வருவதுண்டு. சித்திரை மாத நண்பகலில் அந்தப் பாறைமேல் வெறுங்காலுடன் நடக்க முடியுமா? உள்ளங்கால் கொப்பளித்துவிடும். நாயின் பாதத்துக்கும் அதே கதிதான்.

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கும்போது வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. அதனால் உடல் குளிர்கிறது. ஆகவே காலையிலும் மாலையிலும் மட்டும் நாயை வெளியே அழைத்துச் செல்லுங்கள். நிழலும் குடிநீரும் எப்போதும் இருக்கட்டும்.

குட்டியை எப்போது வாங்கலாம்? பிறந்து எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தின் சொந்த இனங்கள். நம் வெயிலைத் தாங்குபவை. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியும் எவ்வகையிலும் குறைந்ததன்று.

சோறுடன் வேகவைத்த முட்டை, இறைச்சி ஆகியவற்றைக் கொடுக்கலாம். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

அடுத்தது மிக முக்கியமானது, தடுப்பூசி. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் தடுப்பது எளிது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-இல், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியைப் போடச் செய்தார், சிறுவன் பிழைத்தான். உங்கள் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் இந்த ஊசியைப் போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறுபடியும் போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசிகளையும் குடற்புழு மருந்தையும் அவரிடமே கேளுங்கள்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் வீட்டில் மறைக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் தடவ வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் சென்று, சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பயிற்சி. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், நாய்க்கு உணவு தருமுன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை எழுப்பினார். சில நாட்களில் ஒலி கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. அடுத்தடுத்து நிகழ்பவற்றை நாய் இணைத்துக் கொள்கிறது! பயிற்சியின் இரகசியம் இதுவே. தின்பண்டத்தைக் குட்டியின் மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேலே கொண்டு செல்லுங்கள். தலை நிமிரும், பின்பகுதி தானே தரையில் அமரும். அமரும்போது “உட்கார்” என்று சொல்லி, அக்கணமே தின்பண்டத்தைக் கொடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும்.

அடிக்காதீர்கள். கூப்பிட்டும் தாமதமாக வந்த குட்டியை அடித்தால், தாமதித்ததற்காக அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. உங்களிடம் வந்ததால்தான் அடி என்றே அது இணைத்துக்கொள்ளும். மறுமுறை கூப்பிட்டால் வராது. சாலையில் லாரி வரும்போது நீங்கள் கூப்பிட்ட குரலுக்கு அது ஓடி வர வேண்டாமா?